நூறு பானைக்கு ஒரு சோறு பதமா?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் பெற்றோர் சேர்க்கை அறையில் நிறையக் கேட்கிறார்கள். வேன் எங்கள் தெருவுக்குள் வருமா, மதியச் சாப்பாடு உண்டா, நீச்சலுக்குத் தனிக் கட்டணமா, இந்தி எந்த வகுப்பிலிருந்து? ஒரு கேள்வியை மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை: “போன வருடம் உங்கள் ஆசிரியர்களில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள்?” அப்படியே கேட்டாலும் ஒரு புன்னகை வரும், வண்ணக் கையேடு ஒன்று கைக்கு வரும். பதில் வராது.

துபாயில் அந்தப் பதில் அச்சிலேயே இருக்கிறது. அங்குள்ள தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான கே.எச்.டி.ஏ. வெளியிடும் ஆய்வறிக்கைகளின் தொடக்கப் பகுதியைப் பாருங்கள். மாணவர் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், ஆலோசகர்கள் எத்தனை பேர் என்ற வரிசையில், ஆசிரியர்களில் எத்தனை சதவீதத்தினர் மாறினார்கள் என்பதும் ஒரு வரியாக இருக்கும். காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இணையத்தில் இறக்கிப் படித்துவிட்டு, அதன் பிறகு பள்ளி வாசலை மிதிக்கலாம்.

பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் தனியார் பள்ளிக் குழுமங்கள் எப்படித் தரத்தைக் காப்பாற்றுகின்றன என்ற கேள்வி எழும்போதெல்லாம் நாம் குழுமத்தின் தலைமையகத்தைத்தான் பார்க்கிறோம். பாடத்திட்டம், பயிற்சி, தொழில்நுட்பம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம். என் கணிப்பில், விடையின் பெரும்பகுதி தலைமையகத்தில் இல்லை. அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மெஸ்ஸும் நட்சத்திர ஓட்டலும்

கேரளத்தின் ரான்னியிலிருந்து 1959-இல் துபாய் போன ஆசிரியத் தம்பதி மேத்யூ வர்க்கியும் மரியம்மாவும். எண்ணெய்ப் பணம் வருவதற்கு முந்தைய துபாய் அது. உள்ளூர்க்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துத் தொடங்கியவர்கள், 1968-இல் ‘அவர் ஓன்’ ஆங்கில உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார்கள். பிழைக்கப் போன இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அன்று அங்கே படிக்கப் போதிய இடமில்லை. அந்தத் தேவைதான் பள்ளியை வளர்த்தது. 1980-இல் மகன் சன்னி வர்க்கி பொறுப்பேற்றார். 2000-இல் ‘ஜெம்ஸ்’ என்ற பெயரில் குழுமமானது. இன்று அமீரகத்திலும் கத்தாரிலும் 40-க்கும் மேற்பட்ட பள்ளிகள், 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் இந்தக் குழுமத்தின் ஏதாவது ஒரு வளாகத்தில் படித்த வீடுகள் பல.

இந்தக் குழுமத்தில் கவனிக்க வேண்டியது அதன் கட்டண ஏணி. கீழ்ப்படியில், ஆண்டுக் கட்டணம் பத்தாயிரம் திர்ஹத்தை ஒட்டித் தொடங்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள். உச்சிப்படியில், 2025-இல் திறக்கப்பட்ட பள்ளி ஒன்று. அதன் மேல் வகுப்புகளுக்கு 2,06,000 திர்ஹம், நம் பணத்தில் 45 லட்சம் ரூபாய்க்கும் மேல். ஒரே முதலாளி மெஸ்ஸும் நடத்துகிறார், நட்சத்திர ஓட்டலும் நடத்துகிறார். பலகையில் பெயர் ஒன்று. உள்ளே கிடைப்பது ஒன்றாக இருக்க முடியாது.

அரசின் ஆய்வறிக்கைகளும் அதையே சொல்கின்றன. இதே குழுமத்தின் சில பள்ளிகள் ‘மிகச் சிறப்பு’ என்ற உச்ச நிலையில் இருக்கின்றன. வேறு சில அதற்கு இரண்டு படி கீழே நிற்கின்றன. குழுமத்தின் பெயரைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர், சரவணபவன் என்ற பெயர் இருந்தால் எந்த ஊரிலும் சாம்பார் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவரைப் போன்றவர். சாம்பாருக்குக்கூட அது எப்போதும் பொருந்துவதில்லை.

தலைமையகம் எதைப் பிடித்திருக்கிறது?

குழுமங்கள் ஒன்றும் செய்வதில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அவை செய்யும் சில வேலைகளைத் தனிப்பள்ளியால் செய்யவே முடியாது.

முதல் வேலை ஆள் எடுப்பது. பன்னாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வருகிறார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் துபாயிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஷாங்காய் என்று நகர்கிறார்கள். இந்த ஓட்டத்தை நம்பித்தான் பள்ளி நடக்கிறது. நூறு பள்ளி வைத்திருக்கும் குழுமம், ஒரு பள்ளியை விட்டுப் போக நினைக்கும் நல்ல இயற்பியல் ஆசிரியரைத் தன்னுடைய இன்னொரு பள்ளிக்கு மாற்றித் தக்கவைத்துக்கொள்ளலாம். வேறு நாட்டிலிருந்து வருபவரின் காவல்துறைச் சான்றையும் பழைய பள்ளியின் நற்சான்றையும் சரிபார்க்க முழுநேர ஆட்களை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் பாதுகாப்பு தொடங்கும் இடம் அதுதான்.

அடுத்தது அளவுகோல். பெரிய குழுமங்கள் ஆண்டுதோறும் எல்லாப் பள்ளிகளிலும் பொதுவான அறிதிறன் தேர்வு ஒன்றை வைக்கின்றன. பாடம் எவ்வளவு தெரியும் என்று அது பார்ப்பதில்லை. சொல், எண், உருவம், இடம் சார்ந்து ஒரு பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்க்கிறது. அதிலிருந்து, இந்தப் பிள்ளை பொதுத்தேர்வில் இவ்வளவு எடுக்கக்கூடும் என்று ஓர் எதிர்பார்ப்பு மதிப்பெண் கிடைக்கிறது. கடைசியில் பிள்ளை எடுத்தது அதைவிடக் கூடுதலா, குறைவா? அந்த வித்தியாசம்தான் பள்ளி செய்த வேலை. கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்துவிட்டு, அவர்கள் எடுத்த மதிப்பெண்ணைத் தன் சாதனையாகப் பலகையில் எழுதும் பள்ளியின் வேடம் இந்தக் கணக்கில் கலைந்துவிடும். ஆனால் இந்தக் கணக்கு வழக்கமாகத் தலைமையகத்தின் கோப்பில் தங்கிவிடுகிறது. பெற்றோருக்கு வருவது சராசரி மதிப்பெண் மட்டும்.

தேர்வு வாரியங்களும் ஒரு பிடி வைத்திருக்கின்றன. ஜெனீவாவில் 1968-இல் தொடங்கப்பட்ட ஐ.பி. எனும் சர்வதேச இளநிலைச் சான்றிதழ் அமைப்பின் முறை கவனத்துக்குரியது. ஒரு பள்ளி ஐ.பி. நடத்த வேண்டுமென்றால் முதலில் விண்ணப்பப் பள்ளியாக இருந்து, ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பி, பார்வையாளர்கள் வந்து சரிபார்த்த பிறகே அங்கீகாரம் பெறும். பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. பட்டயத்துக்கு மொத்தம் 45 புள்ளிகள்: ஆறு பாடங்களுக்குத் தலா 7, நீள்கட்டுரைக்கும் அறிவுக்கோட்பாட்டுக்கும் சேர்த்து 3.

அறிவியல், கணிதப் பாடங்களில் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணைப் பள்ளி ஆசிரியரே போடுகிறார். நம் ஊர் செய்முறைத் தேர்வு மதிப்பெண்போல அள்ளி வழங்க வாய்ப்புள்ள இடம் இது. ஐ.பி. என்ன செய்கிறதென்றால், ஆசிரியர் திருத்தியவற்றில் சிலவற்றை மட்டும் கேட்டு வாங்கி, வேறு நாட்டில் இருக்கும் தேர்வாளரிடம் கொடுக்கிறது. ஆசிரியர் தாராளமாகப் போட்டிருக்கிறார் என்று தெரிந்தால், அனுப்பிய சில தாள்களுக்கு மட்டுமல்லாமல் அந்தப் பாடத்தில் அந்தப் பள்ளி மாணவர் எல்லோருக்குமே மதிப்பெண் இறங்கும். கஞ்சத்தனம் காட்டியிருந்தால் ஏறும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொன்னதன் நிறுவன வடிவம் இது.

பழமொழி சொல்வது ஒரு பானையைப் பற்றி என்பதை மறக்கக் கூடாது. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. ஐ.பி. எடுத்துப் பார்ப்பது ஒரு பள்ளியின், ஒரு பாடத்தின், ஓர் ஆசிரியர் குழுவின் சோற்றை. பள்ளிக் குழுமங்களின் விளம்பரம் வேறொரு வித்தை செய்கிறது. நூறு அடுப்பில் நூறு பானை வைத்துவிட்டு, நன்றாக வெந்த பானையிலிருந்து ஒரு சோற்றை எடுத்து எல்லோருக்கும் காட்டுகிறது.

பள்ளியை வாங்குகிறவர்கள்

இதை வெறும் விளம்பரத் தந்திரம் என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் பணத்தின் அளவு. இங்கிலாந்தில் 1972-இல் தொடங்கிய நார்ட் ஆங்கிலியா இன்று 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. ஹைதராபாத், பெங்களூரு உள்ளிட்ட ஊர்களின் ஓக்ரிட்ஜ் பள்ளிகளும் அதன் கையில் உள்ளன. 2017-இல் அதை 430 கோடி டாலருக்கு முதலீட்டு நிறுவனங்கள் வாங்கின. 2024-இல் ஸ்வீடனின் இ.க்யூ.டி. தலைமையிலான கூட்டணி அதை 1,450 கோடி டாலராக மதிப்பிட்டது. ரூபாயில் சுமார் 1.2 லட்சம் கோடி. தமிழ்நாடு அரசு 2024-25-இல் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய 44,042 கோடியைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதே ஆண்டில் புரூக்ஃபீல்டு தலைமையிலான முதலீட்டாளர்கள் ஜெம்ஸில் 200 கோடி டாலர் போட்டார்கள்.

ஓய்வூதிய நிதிகளும் தனியார் முதலீட்டு நிறுவனங்களும் பள்ளிகளை ஏன் இவ்வளவு விரும்புகின்றன? மளிகைக் கடையை மாற்றுவதுபோலப் பள்ளியை மாற்ற முடியாது என்பதால்தான். நாலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு நண்பர்கள் உண்டு, பழகிய வேன் உண்டு, பழகிய பாடத்திட்டம் உண்டு. கட்டணம் சற்று ஏறினால் பெற்றோர் முணுமுணுப்பார்கள், கட்டிவிடுவார்கள். அதுவும் பருவத் தொடக்கத்திலேயே, முன்பணமாக. இவ்வளவு உறுதியான வருமானம் தரும் தொழில்கள் குறைவு.

இங்கே ஒரு சுவையான திருப்பம் உண்டு. இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டுக்கு 1994 முதல் 2000 வரை தலைமை ஆய்வாளராக இருந்தவர் கிறிஸ் உட்ஹெட். பள்ளிகளைக் கறாராகச் சோதித்து நடுங்கவைத்தவர். அவர்தான் 2004-இல் காக்னிட்டா என்ற பள்ளிக் குழுமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பின்னாளில் அது சுமார் 200 கோடி பவுண்டுக்குக் கைமாறியது. பரீட்சை வைத்தவரே கடை திறந்தார். அதில் தவறில்லை, தரம் எது என்று தெரிந்தவர் தரமான பள்ளி நடத்தலாம். ஆனாலும் தெரிந்தவர் என்பதற்காக, அவருடைய பள்ளியை அவரே சோதித்துக்கொள்ளட்டும் என்று யாரும் விட்டுவிடுவதில்லை.

வெளியிலிருந்து ஒரு கண்

பள்ளிகள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளட்டும் என்று துபாயும் விடவில்லை. 220-க்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகள், 17 பாடத்திட்டங்கள், 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். மக்களில் பெரும்பான்மை வெளிநாட்டினர் என்பதால் பிள்ளைகளில் பெரும்பான்மை தனியார் பள்ளியில். அரசே எல்லாப் பள்ளிகளையும் நடத்த முடியாது. சந்தையின் கையில் அப்படியே விட்டுவிடவும் அரசு தயாராக இல்லை. 2008-09 கல்வியாண்டிலிருந்து ஆய்வாளர் குழுக்கள் பள்ளிக்குள் நுழையத் தொடங்கின.

அவர்கள் ஆறு தலைப்புகளில் பார்க்கிறார்கள்: மாணவர் கற்றல், அவர்களின் தனிநபர் - சமூக வளர்ச்சி, கற்பித்தலும் மதிப்பிடுதலும், பாடத்திட்டம், பிள்ளைகளின் பாதுகாப்பும் அரவணைப்பும், தலைமையும் நிர்வாகமும். வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். நோட்டுப் புத்தகங்களைப் புரட்டுகிறார்கள். பிள்ளைகளோடு தனியாகப் பேசுகிறார்கள். பெற்றோரிடம் கருத்துக் கேட்கிறார்கள். ‘மிகச் சிறப்பு’ முதல் ‘மிகப் பலவீனம்’ வரை ஆறு படிகளில் ஒன்று பள்ளிக்குக் கிடைக்கிறது. 2023-24-இல் ஆய்வு செய்யப்பட்ட 209 பள்ளிகளில் 23 உச்சப்படியில் இருந்தன, 48 அடுத்த படியில், 85 ‘நன்று’, 51 ‘ஏற்கத்தக்கது’, 2 ‘பலவீனம்’.

இத்தோடு நின்றிருந்தால் இன்னொரு தரப்பட்டியலாகப் போயிருக்கும். துபாய் அந்தப் படியைக் கட்டணத்தோடு முடிச்சுப்போட்டது. ஊதியம், வாடகை போன்ற செலவுகளின் ஏற்றத்தைக் கொண்டு கல்விச் செலவுக் குறியீடு ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். 2024-25-க்கு அது 2.6 சதவீதமாக இருந்தது. படியைத் தக்கவைத்த பள்ளி அதுவரை கட்டணம் உயர்த்த முடிந்தது. கீழ்ப்படியிலிருந்து ஏறிய பள்ளி அதைப்போல இரு மடங்கு, அதாவது 5.2 சதவீதம் வரை உயர்த்த முடிந்தது. ‘நன்று’ என்பதற்கு மேலே ஏறியவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. படி இறங்கிய பள்ளிக்கு உயர்வே கிடைக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் கூர்மையை முதலீட்டாளர் உடனே புரிந்துகொள்வார். இந்த ஆண்டு நல்ல ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைத்து மிச்சம் பிடித்தால், அவர்கள் போய்விடுவார்கள், பாடம் சரியும், படி இறங்கும், அடுத்த ஆண்டு வருமான உயர்வு பூஜ்யம். வகுப்பறையில் நடப்பது இப்படிக் கணக்குப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தலைமையகத்தில் தரத்தைப் பற்றிப் பேசும் கல்வி அதிகாரிக்கு, செலவைப் பற்றிப் பேசும் நிதி அதிகாரியிடம் காட்ட ஓர் எண் கிடைக்கிறது. குழுமம் தரத்தைக் காப்பாற்றுகிறது என்றால், காப்பாற்றாவிட்டால் இழப்பு என்று வெளியில் இருக்கும் ஒருவர் ஏற்பாடு செய்திருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

எழுதிக்கொடுத்த பாடம்

வெளிக்கண் தளர்ந்த இடத்தில், உள்ளே எவ்வளவு கட்டுப்பாடு இருந்தாலும் என்ன ஆகும்? இதற்குக் கென்யாவைப் பார்க்க வேண்டும். நைரோபியின் முக்குரு குடிசைப் பகுதியில் 2009-இல் முதல் பள்ளியைத் திறந்தது பிரிட்ஜ் இன்டர்நேஷனல் அகாடமிஸ். ஏழைகளுக்கான குறைந்த கட்டணப் பள்ளி. மார்க் ஜுக்கர்பெர்க், பில் கேட்ஸ் ஆகியோரின் பணமும் உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுப் பிரிவான ஐ.எஃப்.சி.யின் பணமும் வந்தன.

அதன் முறை எளிது, கண்டிப்பானது. பாடம் முழுவதும் தலைமையகத்தில் எழுதப்படும். ஆசிரியர் கையில் மின்வாசிப்புக் கருவி. என்ன சொல்ல வேண்டும், எப்போது கேள்வி கேட்க வேண்டும், எப்போது கரும்பலகையில் எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். நூற்றுக்கணக்கான வகுப்புகளில் ஒரே நேரத்தில் ஒரே பாடம். எல்லாப் பானையும் ஒரே தீயில்.

பலன் இருந்தது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் மைக்கேல் கிரெமர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் உதவித்தொகை பெற்று பிரிட்ஜில் சேர்ந்த பிள்ளைகளையும் பெறாத பிள்ளைகளையும் ஒப்பிட்டது அது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளில், கிட்டத்தட்ட ஓராண்டுப் படிப்புக்குச் சமமான அளவு கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் அதே நிறுவனத்தின் 63 பள்ளிகளை மூடும்படி உகாண்டா அரசு பிறப்பித்த உத்தரவை 2016-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. உரிமம் இல்லை, சுகாதார வசதி போதவில்லை என்பவை காரணங்களில் முக்கியமானவை. கென்யப் பள்ளிகளில் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக எழுந்த புகார்களை உலக வங்கிக் குழுமத்தின் குறைதீர்ப்பு அமைப்பு விசாரித்தது. 2022-இல் ஐ.எஃப்.சி. தன் பங்கை விலக்கிக்கொண்டது.

ஆசிரியர் எந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார் என்று தலைமையகத்துக்குத் தெரிந்திருந்தது. கழிப்பறை எப்படி இருக்கிறது, பிள்ளை யாரைக் கண்டு பயப்படுகிறது என்பது அந்தக் கருவியில் பதிவாகவில்லை. எதை அளப்பது என்று நிறுவனமே முடிவுசெய்தால், அது அளக்காமல் விட்டது எது என்று கேட்க ஆள் இருக்காது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது மனிதருக்கு மட்டுமான பழமொழி இல்லை.

வலது கை, இடது கை

அதற்காக ஆய்வாளரைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டாம். நம்மில் பலருக்கும் பள்ளி ‘இன்ஸ்பெக்‌ஷன்’ நினைவிருக்கும். அதற்கு முந்தின வாரம் சுவருக்குச் சுண்ணாம்பு. அலமாரியில் பூட்டிக்கிடந்த உலக உருண்டை மேசைக்கு வரும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முன்பெஞ்சுக்கு வருவார்கள். ‘பதில் தெரிந்தவன் வலது கையைத் தூக்கு, தெரியாதவன் இடது கையைத் தூக்கு’ என்று ஒத்திகை நடந்ததாகச் சொல்லப்படும் கதை எல்லா ஊரிலும் உண்டு. துபாயின் வாத்தியார்களும் மனிதர்கள்தான். அதிகாரி வரப்போகிறார் என்றால் எந்தப் பள்ளியும் சுண்ணாம்பு அடிக்கும். அடிப்பது இன்று கோப்புகளில்.

இன்னொரு ஆபத்து அதைவிடக் கனமானது. இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் ஆண்டுக்கணக்கான உழைப்பை ஒற்றைச் சொல்லில் அடக்கி ஆஃப்ஸ்டெட் அறிவித்துவந்தது. ரீடிங் நகரில் ஒரு தொடக்கப்பள்ளி, உச்ச நிலையிலிருந்து அடிநிலைக்கு இறக்கப்பட்டதை ஒட்டி, அதன் தலைமையாசிரியர் 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வுக்கு அவர் மரணத்தில் பங்கு உண்டு என்று மரண விசாரணை அதிகாரி அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தார். 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கான ஒற்றைச் சொல் முடிவுகளை அரசு கைவிட்டது. துபாயும் 2024-25-இல், புதிய பள்ளிகள் நீங்கலாக, முழு ஆய்வுகளை நிறுத்திவைத்தது.

இதிலிருந்து ஆய்வே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவுவது எளிது. நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. தீர்ப்பும் தகவலும் ஒன்றல்ல. பள்ளிக்கு ஒரு சொல்லில் தீர்ப்பு எழுதுவது கொடுமையாகலாம். ஆசிரியர் எத்தனை பேர் விலகினார்கள், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளைக் கவனிக்கத் தனி ஆசிரியர் உண்டா, ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினார்கள் என்பவை தீர்ப்புகள் இல்லை. அவை சரிபார்க்கக்கூடிய செய்திகள். அவற்றை வெளியிட்டு எவரையும் அவமானப்படுத்த முடியாது, மறைக்க ஏதாவது இருந்தால் ஒழிய.

நம் ஊர்ப் பலகைகள்

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் பழைய பங்கு உண்டு. இந்தியாவில் முதன்முதலாக ஐ.பி. பட்டயப் படிப்பைத் தொடங்கிய பள்ளி கொடைக்கானலில் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி, 1976-இல் ஐ.பி.க்கு மாறியது. இன்றோ புறவழிச்சாலை ஓரமெல்லாம் ‘இன்டர்நேஷனல்’ பலகைகள். பெயரில் சர்வதேசம் இருந்தும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடப்பவை ஏராளம். அதில் குற்றம் காண வேண்டியதில்லை. பாடத்திட்டம் எதுவானாலும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். சொல்லிக்கொடுக்கிறார்களா என்று பார்ப்பது யார் என்பதே கேள்வி.

நாம் பார்ப்பது கட்டடத்தை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கூரை நெருப்பில் வெந்த பிறகு அதைக் கறாராகப் பார்க்கிறோம், பார்க்கத்தான் வேண்டும். கட்டட உரிமம், கட்டட உறுதித்தன்மை, தீயணைப்பு, சுகாதாரம் என நான்கு சான்றுகள் இல்லாமல் அங்கீகாரம் புதுப்பிக்கப்படுவதில்லை. அடுத்து நாம் பார்ப்பது கட்டணத்தை. 2009-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. பள்ளி அமைந்துள்ள இடம், உள்கட்டமைப்பு, நிர்வாக - பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்கான நியாயமான உபரி ஆகியவை சட்டம் எண்ணிச் சொல்லும் காரணிகள். அதாவது தாளாளர் கொண்டுவரும் வரவு செலவுக் கணக்கு. வகுப்பறையின் பின்வரிசையில் ஒருவர் போய் உட்கார்ந்து பார்த்து எழுதியது எதுவும் அந்த மேசைக்கு வருவதில்லை.

கற்றலைப் பற்றி நம் கண்ணுக்கு வருவதெல்லாம் தேர்ச்சி விகிதம். அதை நம்பி நாம் பட்டது போதாதா? நூற்றுக்கு நூறு தேர்ச்சிக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே தயங்கும் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிய பள்ளிகளை ஊருக்கு ஊர் பார்த்திருக்கிறோம். பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பை உருப்போட வைத்த பள்ளிகளால், 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டிவந்தது. இப்போது அதையும் எடுத்துவிட்டோம். முதல் மூன்று இடம் என்ற அறிவிப்பை 2017-இலேயே கைவிட்டோம். எண் ஒன்றே ஒன்றாக இருந்தால் பள்ளி அந்த எண்ணைச் சமைக்கும், பிள்ளையைச் சமைக்காது.

சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு ஒரு கட்டாய வெளியீட்டுப் பட்டியலை வைத்திருக்கிறது. ஆசிரியர் எண்ணிக்கை, தேர்ச்சி, கட்டடச் சான்றுகள் ஆகியவற்றைப் பள்ளியின் இணையதளத்தில் போட வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் எழுதுவதும் பள்ளி, ஏற்றுவதும் பள்ளி.

தமிழ்நாடு செய்யக்கூடியது பெரிய செலவில்லாத ஒன்று. கட்டண நிர்ணயக் குழுவின் முன் வரும் ஒவ்வொரு தனியார் பள்ளியும், எந்த வாரியத்தின் கீழ் இருந்தாலும், ஒற்றைப் பக்கம் ஒன்றைத் தர வேண்டும். ஓராண்டில் விலகிய ஆசிரியர்கள் எத்தனை சதவீதம், ஆசிரியர்களில் உரிய தகுதி பெற்றவர்கள் எத்தனை பேர், ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் பன்னிரண்டு வரை நீடித்தவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் பாதுகாப்புப் புகார்களைக் கேட்க யார் பொறுப்பு. இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். மாணவர் பதிவேடு கையில் இருக்கும் அரசுக்கு, அவற்றில் மூன்றாவதையாவது பள்ளியின் வாய்மொழியை நம்பாமலே சரிபார்க்க முடியும். ஆண்டுதோறும் சில பள்ளிகளையாவது குலுக்கலில் எடுத்து, முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பறையில் போய் உட்கார்ந்து பார்க்கலாம். அந்தப் பக்கம் இணையத்தில் இல்லாத பள்ளிக்கு அந்த ஆண்டு கட்டண உயர்வு கிடையாது. படி வேண்டாம், பட்டம் வேண்டாம், ஒற்றைச் சொல் தீர்ப்பு வேண்டாம். துபாயிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முதல் பக்கத்தையும், அதைக் கட்டணத்தோடு கட்டிய முடிச்சையும் மட்டும்.

இதைப் பெற்றோரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டுமே என்பார்கள். அவர்களால் முடியாது. சேர்க்கை அறையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குக் கேள்வி தெரியாமல் இல்லை. எதிரே இருப்பவர் கையில் விண்ணப்பம் இருக்கிறது, பக்கத்தில் நான்கு வயதுப் பிள்ளை இருக்கிறது, வெளியே இன்னும் இருபது குடும்பங்கள் காத்திருக்கின்றன. கேட்டால் ‘தொந்தரவான பேரன்ட்’ என்று முதல் நாளே பேர் வாங்க வேண்டும். அவர் கடைசியில் வேனைப் பற்றித்தான் கேட்பார்.